நமக்கு எதற்கு வம்பு?

(தவக்காலம் ஐந்தாம் ஞாயிறன்று ஒலிபரப்பான வானொலி மறையுரையின் எழுத்து வடிவம்)



போன ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை. இரண்டாம் திருப்பலி முடிந்து உடைகளைக் கழற்றி வைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் பங்கைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் கைபேசியோடு வாசலில் வந்து நின்றார். முகம் வெளுத்திருந்தது. அவருடைய மகன் கனடாவில், டொராண்டோவில் இருக்கிறான். அந்த நாட்டுக் குடியுரிமையும் வாங்கிவிட்டான்.

"சாமி, பயலுக்குக் கோர்ட்டுல இருந்து கடுதாசி வந்திருக்காம். அவன் ஒரு தப்புத்தண்டாவுக்கும் போகமாட்டான் சாமி. ஏதும் வில்லங்கமா?"

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஜூரியாக வரச்சொல்லி அனுப்பிய அழைப்பாணை. விளக்கிச் சொன்னேன். அந்த ஊரில் பெரிய குற்ற வழக்குகளில் சாதாரணக் குடிமக்களைச் சீட்டுக் குலுக்கி எடுப்பதுபோல் பெயர் எடுத்து அழைப்பார்கள். அவர்களில் பன்னிரண்டு பேர் உட்கார்ந்து வழக்கைக் கேட்டு, குற்றம் செய்தவரா இல்லையா என்று சொல்ல வேண்டும். உங்கள் மகன் அதற்குத்தான் அழைக்கப்பட்டிருக்கிறான் என்றேன்.

"அப்பம் நம்ம பய ஜட்ஜா?"

கொஞ்சம் அப்படித்தான் என்றேன். பெரியவர் மகிழ்வார் என்று நினைத்தேன். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "எதையாவது சொல்லிக் கழண்டுக்கிடச் சொல்லுங்க சாமி. யாரு வீட்டு வழக்கோ, என்ன பகையோ. நமக்கு எதுக்கு வம்பு?"

அன்று நான் சிரித்துவிட்டு அனுப்பிவிட்டேன். ஆனால் 'நமக்கு எதுக்கு வம்பு' என்கிற அந்த மூன்று சொற்களும் என்னை விடவில்லை. விடாததற்கு ஒரு காரணம் உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

ஜூரி என்பது நமக்கு அந்நியமான ஒன்றல்ல. இந்தத் தலைமுறைக்குத்தான் அது தெரியாது. வெள்ளையர் காலத்தில் 1861-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டம் வந்தபோதே, எந்தெந்த மாவட்டத்தில் ஜூரி வைத்து விசாரிப்பது என்று மாகாண அரசே முடிவுசெய்யலாம் என்று எழுதி வைத்தார்கள். சென்னை உயர் நீதிமன்றத்தின் செஷன்ஸ் விசாரணைகளில் ஒன்பது ஜூரிகள் உட்கார்ந்தார்கள். நம் வீடுகளில் எண்பதைத் தாண்டிய தாத்தா பாட்டி இருந்தால் கேட்டுப் பாருங்கள். எம்.கே. தியாகராஜ பாகவதரும் கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணனும் சிறைக்குப் போன கதையைச் சொல்வார்கள். நமக்குத் தெற்கே நாகர்கோவில் ஒழுகினசேரிக்காரர் கலைவாணர்.

1944 நவம்பரில் லட்சுமிகாந்தன் என்கிற பத்திரிகைக்காரர் சென்னையில் குத்தப்பட்டு இறந்தார். சினிமாக்காரர்களைப் பற்றி அசிங்கமாக எழுதிப் பிழைத்தவர். சூப்பர் ஸ்டாராக இருந்த பாகவதரும் கலைவாணரும் அந்த வழக்கில் கைதானார்கள். அவர்கள் சினிமாவில் உச்சத்தில் இருந்த நேரம். தீபாவளிக்கு வந்த ஹரிதாஸ் ஓடிக்கொண்டிருந்தது. டீக்கடையிலும் ரயிலிலும் இதே பேச்சு. ஆளுக்கொரு தீர்ப்பு. இந்தச் சத்தத்துக்கு நடுவில் ஒன்பது பேர் ஜூரியாக உட்கார்ந்தார்கள். 1945 மே 3-ஆம் தேதி தங்கள் முடிவைச் சொன்னார்கள். ஆறு பேர் குற்றவாளி என்றார்கள். மூன்று பேர் இல்லை என்றார்கள். பெரும்பான்மை வென்றது, ஆயுள் தண்டனை. வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், திரும்பவும் சென்னைக்கே வந்தது. 1947 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் இருவரையும் விடுதலை செய்தது. அதற்குள் சுமார் இரண்டரை ஆண்டு சிறையில் கழிந்துவிட்டது. பாகவதரின் பழைய புகழ் அதன்பின் திரும்பவே இல்லை.

எனக்கு அந்த மூன்று பேரைப் பற்றித்தான் யோசனை. பாகவதர் பாட்டு தெரிந்தவர்களுக்கும் அவர்கள் பெயர் தெரியாது. வீட்டுக்குப் போனபோது மனைவி என்ன கேட்டிருப்பாள்? அந்தக் கதவு மூடிய அறைக்குள், ஆறு பேர் ஒரு பக்கம் நிற்கும்போது, 'எனக்குச் சந்தேகம் இருக்கிறது' என்று சொல்ல எவ்வளவு தெம்பு வேண்டும்!

இன்னொன்றும் உண்டு. 1908 ஜூலையில் நம் வ.உ.சி.க்குத் திருநெல்வேலியில் தண்டனை எழுதினார்கள். அதே மாதத்தில் பம்பாயில் திலகருக்கு வழக்கு. அங்கே ஒன்பது ஜூரிகள்: ஏழு பேர் ஐரோப்பியர், இரண்டு பேர் பார்சிகள். முடிவு ஏழுக்கு இரண்டு. திலகர் மாண்டலே சிறைக்குப் போனார். நெடுங்காலம் கழித்து 2016 டிசம்பரில், கொழும்பில் சுட்டுக்கொல்லப்பட்ட தமிழ் நாடாளுமன்ற உறுப்பினர் நடராஜா ரவிராஜின் வழக்கில், சிங்களம் பேசும் ஜூரி எல்லா எதிரிகளையும் விடுவித்தது. ஜூரி முறை நல்லதா கெட்டதா என்று நான் தீர்ப்புச் சொல்ல வரவில்லை. ஆனால் 'நம்ம ஆளா, அவங்க ஆளா' என்று பார்த்து உட்காருகிற இடத்தில் யார் உட்கார்ந்தாலும் நீதி நொண்டிதான்.

இந்தியாவில் அது முடிந்துபோன கதை. 1959-இல் பம்பாயில் கடற்படை அதிகாரி நானாவதியின் வழக்கு. மனைவியோடு தொடர்பு வைத்திருந்தவரைச் சுட்டவர் அவர். எட்டுக்கு ஒன்று என்று ஜூரி அவரை விடுவித்தது. நீதிபதி அதை ஏற்காமல் உயர் நீதிமன்றத்துக்கு அனுப்ப, அங்கே ஆயுள் தண்டனை கிடைத்தது. அதற்கு ஒரு வருடம் முன்பே, 1958-இல், சட்ட ஆணையம் ஜூரி முறையை எடுத்துவிடலாம் என்று சொல்லியிருந்தது. 1973-இல் எழுதி 1974 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் ஜூரிக்கு இடமே இல்லை. அன்றிலிருந்து கோர்ட் என்பது நமக்கு 'அவங்க இடம்' ஆகிவிட்டது. கறுப்புக் கோட்டு போட்டவர்கள் பேசுவார்கள், மேலே இருப்பவர் எழுதுவார், நாம் வெளியே வேப்பமரத்தடியில் நிற்போம்.

நேயர்களே, ஜூரி நாற்காலியை எடுத்துவிட்டார்கள். சாட்சிக் கூண்டை எடுக்கவில்லை. அது இன்னும் அங்கேயே இருக்கிறது. அதில் ஏறி நிற்க நீதிபதியால் முடியாது, வக்கீலாலும் முடியாது. நேரில் பார்த்தவர் மட்டும்தான் ஏற முடியும். தாமிரபரணிக் கரையில் வாழுகிற நம்மிடம் இந்த நாட்டின் நீதி கேட்பது இன்றைக்கு அந்த ஒன்றைத்தான். அதற்கு நாம் சொல்கிற பதிலும் அந்தப் பெரியவர் சொன்னதுதான்.

பிறழ் சாட்சி என்று செய்தித்தாளில் படிக்கிறீர்கள். அது எப்படி நடக்கிறது என்று கிராமத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். சம்பவம் நடந்த அன்று சூட்டோடு சூடாக ஸ்டேஷனில் வாக்குமூலம் கொடுப்பார். இரண்டு வருடம், மூன்று வருடம் ஓடும். ஒருநாள் சம்மன் வரும். அது வருவதற்கு முன்னாலேயே எதிர்த்தரப்பு வீட்டுக்கு வந்துவிடும். சில நேரம் அரிவாளோடு வருவார்கள். பல நேரம் பழத்தட்டோடு வருவார்கள். 'ஒண்ணுக்குள்ள ஒண்ணு', 'சின்னப் பயலுவ வாழ்க்கை போயிரும்', 'ஊர்ல ஒற்றுமை கெட்டுரும்'. பிறகு கூண்டில் ஏறி, 'நான் அந்த இடத்திலேயே இல்லை' என்பார். நீதிபதி அதை எழுதிக்கொள்வார். வேறு என்ன செய்ய முடியும் அவரால்?

இதைவிட மோசமான இன்னொன்றும் நம்மிடம் உண்டு. நம்ம ஜனம் என்றால் பார்க்காததையும் பார்த்தேன் என்று சொல்ல ஆள் வரும். பொய்ச் சாட்சிக்கு ஏழு வருடம் வரை சிறை என்று சட்டம் சொல்கிறது. பத்துக் கட்டளைகளில் ஒன்று அதற்கென்றே இருக்கிறது. நிலத்தகராறில் சொந்தக்காரனுக்காகப் பொய் சொல்லிவிட்டு, மறுநாள் நற்கருணை வாங்க வரிசையில் நிற்கிறவர்களையும் எனக்குத் தெரியும்.

நாளைத் திருப்பலியில் முதல் வாசகம் தானியேல் நூல் பதின்மூன்றாம் அதிகாரம், சூசன்னாவின் வரலாறு. தவறாமல் வந்து கேளுங்கள். தங்கள் ஆசைக்கு இணங்காத பெண்மீது இரண்டு முதியவர்கள் பழி சுமத்துகிறார்கள். அவர்கள் ஊர்ப் பெரியவர்கள், நீதிபதிகள். சபை நம்பிவிடுகிறது. ஒருவர்கூட ஒரு கேள்வி கேட்கவில்லை. அவளைக் கொல்ல அழைத்துக்கொண்டு போகிறார்கள். அப்போது கூட்டத்துக்குள்ளிருந்து ஓர் இளைஞன் கத்துகிறான்: இந்தப் பழியில் எனக்குப் பங்கில்லை என்று. பிறகு அந்த இருவரையும் தனித்தனியே நிறுத்தி, எந்த மரத்தடியில் பார்த்தீர்கள் என்று கேட்கிறான். ஒருவர் ஒரு மரத்தைச் சொல்கிறார். மற்றவர் வேறொரு மரத்தைச் சொல்கிறார். நம் வக்கீல்கள் செய்கிற குறுக்கு விசாரணைதான் அது.

நாம் தானியேலைப் பாராட்டிவிட்டு வீட்டுக்குப் போகிறோம். என் கவனம் அந்தச் சபையின் மேல் இருக்கிறது. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. சூசன்னாவின் வீட்டில் விருந்து சாப்பிட்டவர்களும் அதில் இருந்திருப்பார்கள். அவள் எப்படிப்பட்டவள் என்று அவர்களுக்குத் தெரியும். தெரிந்ததைச் சொல்ல யாரும் வாய் திறக்கவில்லை. லேவியர் நூல் ஐந்தாம் அதிகாரம் முதல் வசனத்தை எடுத்துப் பாருங்கள். சாட்சி சொல்ல வரும்படி அறிவிப்பு வந்த பிறகும், பார்த்ததையோ தெரிந்ததையோ மறைப்பவன் தன் குற்றத்தைத் தானே சுமக்கிறான் என்கிறார் மோசே. பொய் சொல்வது மட்டும் பாவம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். மௌனத்தையும் மோசே அதே கணக்கில் எழுதி வைத்திருக்கிறார்.

இப்போது அந்தக் காரணத்தைச் சொல்கிறேன். இதை நான் பிரசங்க மேடையில் இதுவரை சொன்னதில்லை.

நான் குருவாகி இரண்டாம் வருடம், ஆற்றங்கரைக் கிராமம் ஒன்றில் உதவிப் பங்குத்தந்தையாக இருந்தேன். மாலை வேளையில் படித்துறைக்கு நடந்து போவது வழக்கம். ஒருநாள் அங்கே நாலைந்து இளைஞர்கள் ஒரு பையனைப் போட்டு அடித்தார்கள். பதினேழு வயது இருக்கும் அவனுக்கு. எந்தப் படித்துறையில் யார் குளிக்கலாம் என்பதுதான் தகராறு. மேற்கொண்டு விவரம் சொல்ல வேண்டாம், உங்களுக்குப் புரியும். நான் கத்திக்கொண்டு ஓடினேன், அவர்கள் ஓடிவிட்டார்கள். பையனுக்கு ஒரு கண் போனது. அடித்தவர்கள் எல்லாரும் எங்கள் கோயிலுக்கு வருகிற வீட்டுப் பிள்ளைகள். ஒருவன் பாடற்குழுவில் இருந்தவன்.

போலீஸ் வந்து கேட்டபோது, பொழுது சாய்ந்த நேரம், முகம் சரியாகத் தெரியவில்லை என்று சொன்னேன். அது பொய். எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஊர் இரண்டுபட்டுவிடும், பங்குப் பணி கெட்டுவிடும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வழக்கு நிற்கவில்லை.

ஆறேழு மாதம் கழித்து அந்தப் பையனின் தாய் பங்குப்பணி இல்லத்துக்கு வந்தார். அவர் கிறிஸ்தவர் அல்ல. திண்ணையில்கூட உட்காரவில்லை. சண்டை போடவும் இல்லை. "சாமி, அன்னிக்கு நீங்க படித்துறையில இருந்தியளே" என்று மட்டும் சொன்னார். கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார்.

ஒப்புரவு அருள்சாதனத்தில் அதை அறிக்கையிட்டேன். மன்னிப்பும் பெற்றேன். ஆனால் அந்தப் பையனின் கண்ணுக்கு நியாயம் கிடைக்கவில்லை. அதை என்னால் இனிமேல் கொடுக்கவும் முடியாது. பிலாத்து கை கழுவியதை வாசிக்கும் ஒவ்வொரு புனித வாரத்திலும் அந்தப் படித்துறைத் தண்ணீர்தான் எனக்கு நினைவுக்கு வருகிறது.

ஆகவே பயப்படாதீர்கள் என்று உங்களுக்குச் சொல்ல எனக்குத் தகுதி இல்லை. பயம் கற்பனையும் அல்ல. 2024 டிசம்பர் 20-ஆம் தேதி பாளையங்கோட்டையில், மாவட்ட நீதிமன்ற வாசலிலேயே, பட்டப்பகலில் ஓர் இளைஞரை வெட்டிக் கொன்றார்கள். கோர்ட் வாசலிலேயே இப்படி என்றால் கோர்ட்டுக்கு எப்படி வருவது என்று நீங்கள் கேட்டால், அந்தக் கேள்வி நியாயமானது. ஆனால் பயப்படுகிறவருக்கு என்று சட்டம் செய்து வைத்திருப்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். பலருக்கு இது தெரியாது. 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டம் ஒன்றுக்கு ஒப்புதல் கொடுத்து, நாடு முழுவதும் சட்டம்போல் செல்லும் என்றது. மிரட்டல் இருந்தால் சாட்சியே விண்ணப்பிக்கலாம். மாவட்ட நீதிபதி தலைமையில் ஒரு குழு அதைப் பார்க்கும். ஆபத்து எவ்வளவு என்று போலீஸ் ஐந்து வேலை நாளுக்குள் அறிக்கை கொடுக்க வேண்டும். வீட்டுக்குக் காவல், கேமரா, பெயரை மறைத்து விசாரணை, தேவைப்பட்டால் வேறு ஊரில் தங்கவைப்பது வரை அதில் இருக்கிறது. 2024 ஜூலையில் வந்த புதிய நடைமுறைச் சட்டமும், ஒவ்வொரு மாநிலமும் இப்படி ஒரு திட்டம் வைத்திருக்க வேண்டும் என்கிறது. தாளில் இருப்பது எல்லாம் தரையில் நடந்துவிடுமா என்று கேட்பீர்கள். கேட்டால்தான் நடக்கும், கேட்காதவருக்கு நிச்சயம் நடக்காது.

பக்கத்திலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. 2020 ஜூனில் சாத்தான்குளம் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோகப்பட்ட தந்தையும் மகனும் அடுத்தடுத்து இறந்ததை நாம் யாரும் மறக்கவில்லை. உயர் நீதிமன்றம் அனுப்பிய நீதித்துறை நடுவர் அந்த நிலையத்துக்கே போய் விசாரித்தார். அங்கே வேலை பார்த்த பெண் தலைமைக் காவலர் ஒருவர், தான் அந்த இரவில் பார்த்ததைச் சொன்னார். அவர் சொன்னது தன்னோடு வேலை பார்த்தவர்களுக்கு எதிராக, தன் மேலதிகாரிகளுக்கு எதிராக. மறுநாளும் அதே காக்கி உடையைத்தான் அவர் போட்டாக வேண்டும். அவருக்கும் குடும்பத்துக்கும் பாதுகாப்புக் கொடுக்கச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. பயம் இல்லாமல் சொன்னவர் அல்ல அவர், பயந்துகொண்டேதான் சொன்னார். 'நம்ம ஆளுங்க' என்பதைத் தாண்டி ஒருவர் பேசினால் அது எப்படி இருக்கும் என்பதை, குருவான நான் ஒரு போலீஸ்காரப் பெண்ணிடம் கற்றுக்கொண்டேன்.

நம் கோயில்களில் சாட்சிய வாழ்வு என்ற சொல் அடிக்கடி வருகிறது. நம் மாவட்டத்து வடக்கன்குளத்தில் 1745-இல் திருமுழுக்குப் பெற்று, 1752-இல் ஆரல்வாய்மொழியில் சுட்டுக்கொல்லப்பட்ட புனித தேவசகாயத்தை மறைசாட்சி என்று அழைக்கிறோம். சாட்சி என்றால் பார்த்ததைப் பார்த்தேன் என்று, கேட்கிறவர் முகத்துக்கு நேரே சொல்பவர். கோர்ட்டில் கேட்டாலும் அந்தச் சொல்லுக்குப் பொருள் அதுதான்.

கனடா மகனின் தகப்பனாரிடம் வருகிறேன். அவர் அனுமதியோடுதான் இதைச் சொல்கிறேன், வழக்கும் முடிந்துவிட்டது. மகன் போய் ஒரு நாள் முழுக்கக் காத்திருந்தானாம். கடைசியில் அவன் பெயர் எடுபடவில்லை, வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பெரியவர் வந்து சொன்னபோது முகத்தில் கொஞ்சம் ஏமாற்றம். "திருப்பி அனுப்பிட்டாவளாம் சாமி" என்றார். நான் அப்போதுதான் கேட்டேன்: "உங்க கடைக்கு முன்னால நடந்த விபத்தை நீங்க பார்த்ததா ஊர்ல சொல்றாங்களே?"

சேரன்மகாதேவி சாலையில் அவருக்குப் பெட்டிக்கடை. அங்கே ஒரு லாரி மோதி, பைக்கில் வந்த கட்டடத் தொழிலாளி இறந்துபோனார். மனைவி பீடி சுற்றுகிறவர், இரண்டு பிள்ளைகள். பைக்தான் தவறான பக்கத்தில் வந்தது என்று லாரித் தரப்பு சொல்லிவிட்டது. அது நின்றுவிட்டால் இழப்பீடு குறையும், இல்லாமலும் போகலாம். உண்மையில் எது எந்தப் பக்கம் வந்தது என்று பார்த்தவர் இவர் ஒருவர்தான். விபத்தில் அடிபட்டவருக்கு உதவியவரைப் பெயர் சொல்லும்படியோ சாட்சி சொல்லும்படியோ கட்டாயப்படுத்தக் கூடாது என்று மோட்டார் வாகனச் சட்டத்தின்கீழ் 2020-இல் விதி செய்திருக்கிறார்கள். இவர் அந்த ஆளுக்குத் தண்ணீர் கொடுத்து ஆம்புலன்ஸ் வரும்வரை மடியில் வைத்திருந்தவர். சட்டம் அவரை விட்டுவிட்டது. வீட்டிலேயே இருந்திருக்கலாம்.

ஒரு வாரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, "நீங்க கூட வருவியளா சாமி?" என்றார்.

போனோம். முதல் நாள் மூன்று மணி வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம், வாய்தா போட்டுவிட்டார்கள். அந்தத் தாமதத்தைப் பற்றி எனக்குக் கோபம் உண்டு. ஒரு நாள் கடையை மூடினால் அவருக்கு என்ன நஷ்டம் என்று அங்கே யாருக்கும் தெரியாது. இரண்டாம் தடவை கூப்பிட்டார்கள். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டுக்கொண்டு ஏறினார். காப்பீட்டு நிறுவன வக்கீல் விடாமல் கேட்டார். எத்தனை அடி தூரம்? அப்போது கடையில் ஆள் இருந்ததா? கண்ணாடி போடுகிறவர்தானே, அன்று போட்டிருந்தீர்களா? இறந்தவர் உங்களுக்குச் சொந்தமா, உங்கள் சாதியா, உங்கள் கோயிலா?

"இல்லங்கய்யா. யாருன்னே தெரியாது. நான் பாத்தேன், அவ்வளவுதான்" என்றார்.

வெளியே வந்தபோது கை நடுங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் இரண்டு பிள்ளைகளோடு சுவரோரம் நின்றிருந்தார். இவரைப் பார்த்துக் கும்பிட்டார். இவர் பதிலுக்குக் கும்பிட்டுவிட்டு, "சாமி, முதல்ல ஒரு டீ குடிப்போம்" என்றார்.